வெற்று நீர்

களக்காட்டு பஸ்ஸில் மடியில் ஐஸ் பெட்டி.
மீனா என்றார் கண்டக்டர்.
தண்ணி என்றேன்.
தண்ணிக்கு எதுக்கு ஐசு என்று சிரித்துவிட்டு
பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பதினொரு பாட்டில், பழுப்புக் கண்ணாடி.
பத்தில் தோட்டத்துத் தண்ணீர்.
ஏத்தன் வாழைக்கு நடுவே
நூற்றெண்பது அடியிலிருந்து ஏறி வந்தது.
பதினொன்றாவதில் ஒன்றுமில்லை,
அதாவது ஆய்வகத்திலிருந்து
நானே கொண்டுபோன சுத்தநீர்.
தோட்டத்துக் காற்றில் மூடியைத் திறந்து
மூடித் திரும்பக் கொண்டுவருவது.
எங்கள் ஏட்டில் அதன் பெயர்
வெற்று.

மோட்டார் போட்டுவிட்ட சங்கரவடிவு
பாட்டிலை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள்.
"பளிங்கு மாரில்லா இருக்கு.
இதுல என்னத்தத் தேடுதிய?"
களைக்கொல்லி என்றேன்.
"அத விட்டு நாலு வருசமாச்சே.
இப்ப ஆளு விட்டுல்லா கொத்துதோம்."

ஒரு லிட்டரை
விரல்தண்டிக் குழாயில் சொட்டவிட்டு
மெத்தனாலில் இறக்கி, நைட்ரஜன் ஊதி
ஒரு துளியாக்க இரண்டு நாள்.
நாலு வருசமும் அந்தத் துளிக்குள்
இருந்தாக வேண்டும்.

இருந்தது.
ஏழாவது நிமிடத்தில் கோடு எழுந்தது,
மலை என்று சொல்ல முடியாது, வரப்பு.
டையூரான்.
லிட்டருக்கு அறுபது நானோகிராம்.
கண்டுபிடித்தவனின் வெட்கங்கெட்ட சந்தோஷத்தில்
ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.
பத்திலும் கூடக்குறைய அதே வரப்பு.

பிறகு பதினொன்று.
ஏழாவது நிமிடம்.

பாட்டில்களைச் சூளையில் சுட்டேன்.
கையுறையைச் சந்தேகித்தேன்.
பாட்டில் கழுவும் சுடலையாண்டியிடம்
சத்தம் போட்டேன், அதை
இன்னும் திரும்ப வாங்கவில்லை.

ஒன்பதாம் நாள்
சுத்திகரிக்கும் எந்திரத்தின் முதுகைப் பார்த்தேன்.
கரிக்குடுவை மாற்ற வேண்டிய தேதி போய்
பதினாலு மாதம்.
அதற்குத் தண்ணீர் எங்கிருந்து?
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எங்கள் பாளையங்கோட்டைக் காம்பவுண்டு போரிலிருந்து.
ஆண்டு விழாவுக்கு முன்னால்
அந்தக் காம்பவுண்டில் புல் கருக
வருடாவருடம் மருந்தடிக்கிறோம்.
பில்லில் இருப்பது
என் கையெழுத்து.

வெற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுது
என்றார் மேலே இருப்பவர்.
கழிக்கலாம்தான்.
பத்துத் தாளையும் ரத்து என்று அடித்தேன்.

இந்த முறை சுத்தநீர் விலைக்கு வாங்கினேன்,
சீல் வைத்தது.
அதையும் முதலில் ஓட்டிப் பார்த்தேன்.
ஏழாவது நிமிடம் சமதளமாய்ப் போயிற்று.
இல்லை என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.
கண்டறியப்படவில்லை என்றுதான் எழுத வேண்டும்.
ஐந்து நானோகிராமுக்குக் கீழே
எந்திரத்துக்குக் கண் தெரியாது.

மறுபடியும் களக்காடு, மறுபடியும்
பெட்டிக்கு டிக்கெட்.
"போன தடவ எடுத்தது என்ன ஆச்சு?"
என் தண்ணியில கோளாறு என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தாள்.

குழாயில் நிற்கும் பழைய தண்ணீர் போக
பத்து நிமிடம் ஓடவிட வேண்டும்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சங்கரவடிவு குனிந்து
இரண்டு கையாலும் ஏந்தி
வயிறு முட்டக் குடித்தாள்.
முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு
நகர்ந்து வழிவிட்டாள்,
"இனி நீங்க பிடிங்க."