கடைசி வரி

ஈரப்பதச் சராசரிக்கு ஒரு ஃபங்ஷன், ஆர் மொழியில்.
ரிட்டர்ன் எழுதவில்லை.
கடைசியாக எது நடந்ததோ
அதையே நீட்டும், அவ்வளவுதான்.

நேற்றிரவு அஸ்தம்பட்டி அறையில்
தூக்கக் கலக்கத்தில் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
பிரிண்ட், "முடிந்தது".

காலையில் ஏற்காட்டிலிருந்து பிலோமினா:
"காப்பிக்கொட்டை களத்துல கிடக்கு,
மேகம் இறங்குது.
சராசரி 'முடிந்தது'ன்னு வந்திருக்கே சார்,
மூட்டை கட்டவா, வேண்டாமா?"

சராசரி உள்ளே பிறக்கத்தான் செய்தது.
பெயர்கூட வைத்திருந்தேன்.

இப்போது ரிட்டர்ன் போட்டாயிற்று.
எட்டாவது கொண்டை ஊசி வளைவில்
விசில் கொடுக்கச் சொல்லி
கையில் எண்ணோடு இறங்கிவிடுகிறது.
அதற்கு மேல் பஸ்ஸே போவதில்லை.

"முடிந்தது" இன்னும் அடியில்தான் இருக்கிறது,
அழிக்க மனம் வரவில்லை.

பதினொன்று புள்ளி இரண்டு, பிலோமினா.
கட்டுங்கள்.