உயிர்ச் சான்று

நூற்றுப் பதினாறாம் நாள்
கான்சுலேட்டில் உட்காரவைத்துச் சொன்னார்கள்:
உங்கள் மகளுக்கு மட்டுமே பதில் தெரிந்த
ஒரு கேள்வி வேண்டும், மதாம்.
உயிரோடு இருக்கிறாளா என்று
கடத்தியவர்களிடம் அப்படித்தான் கேட்க முடியுமாம்.

பிறந்த தேதி வேண்டாம், பாஸ்போர்ட்டில் இருக்கிறது.
பள்ளிக்கூடம், நாயின் பெயர் வேண்டாம்,
அவள் கட்டுரைகளிலேயே கிடைக்கும்.
என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாளாம்.
எனக்குப் பிரெஞ்சு படிக்க வராது.
அதிகாரி வாசித்துச் சொன்னார்:
"அம்மா கேள்வி கேட்காதவள்."

முத்தியால்பேட்டை வீட்டில்
விளக்குப் போடாமல் ராத்திரி முழுக்கத் தேடினேன்.
இருபத்தொன்பது வருஷத்தில்
சாப்பிட்டாயா என்பதைத் தவிர
என்னதான் கேட்டிருக்கிறேன் அவளை?

விடியும்போது எழுதினேன்:
உன் பத்து வயதில் என் சங்கிலி எங்கே போனது?
பதில் தனித்தாளில்:
வைத்திக்குப்பம் கடல். மாசி மகக் கூட்டம். அலை.
உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள்.
கேள்வி மட்டும் பாலைவனம் போயிற்று.

பதினெட்டு நாள்.
அதற்குள் டெல்லிக்கு ஏழாவது மனு.
காந்தி சிலையடியில் செலின் படத்தோடு
நானும் மீன்காரி அஞ்சலையும் மட்டும்
நின்ற ஒரு சாயங்காலம்.
செல்ஃபி எடுத்தவர்கள்
கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றோம்.

பிறகு பதில் வந்தது, எத்தனை கை மாறியோ.
என் முன்னால் அரக்கை உடைத்து
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தார்.
முகம் விழுந்தது அவருக்கு.
பொருந்தவில்லை, மதாம்.

வாசியுங்கள் என்றேன்.

"கடல் இல்லை. பெரிய மார்க்கெட் பின்னால் சேட்டுக் கடை.
ரசீது உளுந்து டப்பாவில் இருந்தது.
அந்த வாரம்தான் எனக்கு ஃபீஸ் கட்டினாய்.
அப்பாவிடம் நான் சொல்லவில்லை."

கை தானாகக் கழுத்துக்குப் போனது.
பென்ஷன் வந்த அன்றே
சாராயக்கடையில் தீர்த்துவிடுகிற மனிதருக்காகச் சொன்ன பொய்
சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகியிருக்கிறது.
அலையின் இழுப்பு கூட ஞாபகம் இருக்கிறது.
டப்பாவைத் திறந்து படித்துவிட்டு
உளுந்து சிந்தாமல் மூடியிருக்கிறாள்.
அன்றைக்கே அவள் நிருபர்.

பதில் சரி, என் தாள்தான் பொய்,
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.
பாரிசைக் கேட்கவேண்டுமாம்.

கூடத்தில் வரிசையாக
வயசான சொல்தாக்கள்,
பென்ஷனுக்கு உயிர்ச் சான்று வாங்க.
ஆளைப் பார்க்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள்.
செலின் அப்பாவும் இதே வரிசையில் நின்றவர்தான்,
தள்ளாடிக்கொண்டு.

கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றேன்.
சன்னல் வந்ததும் அந்தத் தாளை நீட்டினேன்.
யாருக்கு, மதாம்?
என் பொண்ணுக்கு.
ஆள் எங்கே?

இதோ, இந்த உளுந்து டப்பா வரியில்.