ஏழு மைல்

போன ஆகஸ்டில் தொண்ணூற்று நான்கு.
இந்த ஜூனில் எண்பத்தேழு.
அதே படகு, அதே செயின்ட் கிளேர் ஏரி,
அதே அரை டாங்க் பெட்ரோல்.
ஸ்டியரிங்கில் நான், த்ராட்டிலில் லோர்ன்.
ஏழு மைல் எங்கேயோ விழுந்துவிட்டது.

முதலில் அடிவயிறு.
டிரெய்லரில் ஏற்றி, கீழே மல்லாந்து படுத்துப்
பாசி சுரண்டினேன்.
தலைமுடியில் ஒட்டிய பச்சை
மூன்று குளியலுக்குப் போகவில்லை.
எண்பத்தேழு.

பிறகு புரொபெல்லர். ஓர் இதழின் விளிம்பில்
எள்ளளவு நெளிவு.
அகப்பட்டாயடா என்று
நானூறு டாலர் கொடுத்து நிமிர்த்தினேன்.
எண்பத்தேழு.

டிரிமை ஏற்றினால் மூக்கு துள்ளியது,
இறக்கினால் வயிறு இழுத்தது.
நடுவில் எங்கேயோ ஓர் இடம், வழவழப்பாக.
அங்கேயும் எண்பத்தேழுதான்.

மெக்கானிக் காஸ் வந்தான்.
ஸ்பார்க் பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்பின் அழுத்தம்
ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி விசாரித்து
ஒவ்வொன்றையும் குற்றமற்றது என்று விடுவித்தான்,
மணிக்கு நூற்று நாற்பது டாலர் வாங்கும் நீதிபதி.
எஞ்சினை அணைத்து லீவரைக் கடைசிவரை தள்ளினான்.
உள்ளே தகடு முழுசாகத் திறந்தது.
"மூச்சுக்குழாய் சுத்தம்," என்றான்.

ஓட்டுக்குள் தண்ணீர் ஊறியிருக்குமோ என்று
ஜல்லிக் கிடங்கின் எடைமேடைக்கும் இழுத்துப் போனோம்.
படகு பழைய எடைதான்.
குளிர்காலத்தில் நான் போட்ட ஐந்து கிலோவைக்
காஸ் சிரிக்காமல் தனியாகக் குறித்துக்கொண்டான்.

ராத்திரி சமையலறை மேசையில் கணக்கு.
சுழற்சி, பிட்ச், கியர்;
பெருக்கி வகுத்தால் வருவது
படகு போயிருக்க வேண்டிய வேகம்.
அதற்கும் போன வேகத்துக்கும் நடுவில் உள்ளது
தண்ணீர் எடுத்துக்கொண்ட பங்கு.
ஆகஸ்டில் நூற்றுக்குப் பத்து.
ஜூனிலும் நூற்றுக்குப் பத்து.
வழக்கமான வரிக்கு மேல்
ஏரி ஒரு காசு தொடவில்லை.
குறைந்தது சுழற்சி மட்டும்.
ஆறாயிரத்து நானூறு இருந்த இடத்தில்
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.

கேட்காததை எஞ்சின் கொடுக்காது.

ஞாயிறு காலை மறுபடி இறக்கினோம்.
அந்த வேகத்தில் பக்கவாட்டில் பார்ப்பது பாவம்.
ஒரு சிமிட்டல் நேரம் பார்த்தேன்.
லீவருக்கும் அதன் தடுப்புக்கும் இடையில்
ஒரு விரல் அகலம் காற்று.
விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.
தள்ள முடிந்ததையெல்லாம் தள்ளிவிட்டதாக
நம்பும் முகம்.

மே மாதம், கப்பல் கால்வாய்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகும்
அதன் அலை ஒன்று எங்களுக்காகத் தங்கியிருந்தது.
படகு தண்ணீரை விட்டது.
கடிக்க ஒன்றும் இல்லாமல் புரொபெல்லர் ஊளையிட்டது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் வானம்.
லோர்ன் இழுத்தான், இழுக்க வேண்டிய நொடியில்.
கரையேறி இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் கூடுதலாகவே.
பொரித்த பெர்ச் மீனை அவன் தொடாமல்
தட்டைத் தள்ளி வைத்தது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

துறையில் காஸ் காத்திருந்தான்.
"எவ்வளவு?"
"எண்பத்தேழு."
"நாளைக்கு எஞ்சினையே இறக்கிப் பிரித்துவிடுவோம்."
கயிறு கட்டிக்கொண்டிருந்த லோர்ன் நிமிரவில்லை.
போட்ட முடிச்சை அவிழ்த்து
திரும்பவும் அதையே போட்டான்.
வேண்டாம் என்றேன்.
சனிக்கிழமைப் பந்தயத்துக்குக் கட்டிய பணம் பற்றி
யாரும் பேசவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
தென்மேற்குக் காற்று. சிற்றலை. 87.
பழுது இல்லை.