நான்காம் விதி

புன்டா அரேனாஸில் காற்று முற்றும் மாதங்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்து நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் வந்துசேரும்
வியாழன்தோறும்
டயர்க்கடை மாடிக்கு
மூன்று அரசுகள்.

உப்புக்காவலர் தலைவன் பிரௌலியோ.
நண்டுப் படகில் கூலி, பத்து விரலிலும் முள் கீறல்.
கந்தற்கொடியாருக்கு எதெல்மிரா,
பல் மருத்துவமனை வரவேற்பாளர்;
துரோகம் செய்யுமுன்
எல்லாருக்கும் மாத்தே தேநீர் ஊற்றுவாள்.
விளக்கணைப்போர் யாஸ்னாவுடைய ஆட்கள்.
நான் எந்தப் பக்கமும் இல்லை.
விதி எழுதுகிறவன்.

பச்சை அட்டை நோட்டு.
முதல் விதி: கேட்காமல் யாரும் யாரையும் கொல்லக் கூடாது.
இரண்டு: ஒருவர் அழுதால் ஆட்டம் நிற்கும், காரணம் கேட்கப்படாது.
ஒன்பதாவதை அடித்து, திருத்தி, மறுபடி அடித்திருக்கிறேன்.
குதிரை எவ்வளவு தின்னும் என்று
ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை.
நான்காவது சின்னது:
மேசையை விட்டு விழுந்த பகடை செல்லாது.

எங்கள் மிருகத்துக்குப் பெயர் நெடுங்கிடை.
அதை முழுசாகப் பார்த்தவர் இல்லை.
வால் பக்கம் பனி கொட்டும்போது
தலைப் பக்கம் அறுவடை.
அது புரண்டு படுத்த வருஷம்
இரண்டு ஆறுகள் முகவரி மாற்றிக்கொண்டன.
எந்த அணிக்கும் அது சொந்தமில்லை என்கிறது பதினேழாம் விதி.
ஆனாலும் மூன்று அணியும் ஒளித்து ஒளித்துத் தீனி வைத்தன.
எனக்குத் தெரியும்,
கணக்கு என்னிடம்தானே.

யாஸ்னா ஊர் கட்டியது அதன் விலா எலும்புகள்மேல்.
நான்கு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடன்.
அங்கே ஒரு செருப்புத் தைப்பவன்,
ஏறி இறங்கும் தரையிலேயே தூங்கிப் பழகியவன்,
சமவெளிக்குப் போனால் வாந்தி எடுப்பான்.

போன வியாழன்
பிரௌலியோ ஈட்டியை எடுத்தான்.
நெடுங்கிடை சாக மூன்று இருபது விழ வேண்டும், தொடர்ந்து.
விழாது என்றுதான் அப்படி எழுதிவைத்தேன்.

முதல் இருபது. எதெல்மிரா சிரித்தாள்.
இரண்டாவது.
கீழே யாரோ டயருக்குக் காற்றடிப்பது கேட்டது.
மூன்றாவது பகடை குவளையில் மோதித்
தயங்கி
படுத்தது.
இருபது.

நோட்டைப் புரட்டினேன்.
மிருகம் செத்தால் மேலிருக்கும் ஊர் என்ன ஆகும்?
அதை நான் எழுதவே இல்லை.
யாஸ்னா பெயர்ப்பட்டியலை மடித்தாள்,
நான்காக, எட்டாக,
காகிதம் இனி மாட்டேன் என்னும்வரை.

ஏழு வாரம் திட்டமிட்டவன் பிரௌலியோ,
நீரிணையில் வலை இழுக்கும்போதும்
ஈட்டிக்கு எடை போட்டுப் பார்த்தவன்.
ரொட்டிக்குக் கை நீட்டினான்.
ரொட்டி இருந்ததோ மறுபக்கம்.
முழங்கை இடித்ததில்
பகடை உருண்டு, தரையில் குதித்து,
அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

“ச்சே” என்றான். “நாலாம் விதி.”

நின்ற பிறகு விழுந்தது எப்படிச் செல்லாமல் போகும் என்று
வாய் திறந்தாள் எதெல்மிரா.
என்னைப் பார்த்தாள்.
தேநீர் ஊற்றினாள்.

அன்றிரவு முப்பத்தொன்றாம் விதி:
முழங்கைகளை விசாரிப்பதில்லை.

உப்புக்காவலர் இப்போது பிரௌலியோவை மதிப்பதில்லை,
குறி தவறியவனாம், கை நடுங்கியவனாம்.
அதுவும் நோட்டில் இருக்கிறது.
கயிற்றைப் பிடித்து இறங்கிப் போகுமுன்
அவனேதான் எழுதச் சொன்னான்.