கதவுப் பையில் ஒரு கோலி

முதலில் எல்லாவற்றையும் இறக்கினேன்:
மகளின் இருக்கை, இரண்டு குடை, ஸ்டெப்னி, ஜாக்கி,
காசிமேட்டில் எறா வாங்கும் கூடை,
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை.
அது மட்டும் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள்.
பதினெட்டுத் தவணை பாக்கி.
அதை இறக்கி வைக்க இடமில்லை.

மணலி புதுநகர் தாண்டி, கன்டெய்னர் யார்டு.
இன்று டிரெய்லர்களுக்கு லீவு.
நீலமும் துருவுமாய் மூன்றடுக்கு இரும்புச் சுவர்,
நடுவில் சிமெண்டுத் தரை, ஆரஞ்சு கோன்கள்,
ஒரு ஆம்புலன்ஸ்.
அதன் டிரைவர் பஜ்ஜியை எண்ணெய் பிழிந்து தின்கிறார்.
ஆலைப் புகைபோக்கியின் நுனியில்
பட்டப்பகலிலும் எரிகிற தீ
காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிறது.
எண்ணூர்ச் சாம்பல். ஒரு தடவை வைப்பர்.

"இன்னா மேடம், சாருதா வண்டி?"
"என்னுது."
டெரன்ஸ் கொடியைச் சாய்க்கிறான்.

டர்போ முழித்துக்கொண்டதும்
ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது,
பலூன்காரனைப் பார்த்துவிட்ட பிள்ளை.
பிரேக்.
டிக்.
ஆக்ஸிலேட்டர்.
டிக்.
நட்டு ஏதும் கழன்றதோ?
இரண்டாவது வளைவில்தான் புரிந்தது:
கதவுப் பையில் ஜெனிஷாவின் கோலி.
முன்னே ஓடி இடிக்கிறது, பின்னே ஓடி இடிக்கிறது.
நிறுத்தி எடுக்க முடியாது. கடிகாரம் ஓடுகிறது.

இரண்டாம் சுற்று முழுக்க அதனோடுதான் சண்டை.
ஒரு கோன் பறந்தது.
இரண்டு நொடி அபராதம்.
மெக்கானிக் கபூர் தலையில் கைவைத்தது
ஓரக்கண்ணில் பட்டது.
கவலை எனக்காக இல்லை, கிளட்சுக்காக.

தண்ணி லாரியில் குடம் பிடித்து
மூன்று மாடி ஏறியிருக்கிறேன், பத்து வருஷம்.
அலம்பாமல் திரும்ப இடுப்புக்குத் தெரியும்.
காலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்று.
பிரேக்கை மிதித்தேன், உடனே விடவில்லை.
கொஞ்சம் கொஞ்சமாக,
தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுகிற மாதிரி.
கோலி உருண்டது.
இடிக்கவில்லை.
மூக்கு உள்ளே திரும்ப,
பின்டயர் ஒன்று தரையை விட்டது.
மூணு காலில் நொண்டியடித்து
என் சிவப்புக் குட்டி வளைவைத் தாண்டியது.
அந்த இரும்புச் சுவரெல்லாம்
யாரோ சேலையை உருவி இழுத்ததுபோல் போனது.
நான் கத்தினேன் போல. ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி.

பதினான்கு வண்டியில் பதினோராவது.
ஜெயித்த பையனுக்கு மீசை முளைக்கவில்லை,
பழைய வண்டி, பம்பரே கிடையாது.
கைகொடுத்தேன். அவன் கை வேர்த்திருந்தது.

இருக்கையைத் திரும்ப மாட்டினேன். ஜெபமாலையையும்.
டிரெய்லர் வரிசைக்குப் பின்னால்
முதல் கியரில் ஒன்றரை மணி நேரம்.
மார்க்கெட் முடிந்திருக்கும். இன்றைக்கு எறா இல்லை,
முட்டைதான்.

டோல்கேட் தாண்டியதும் ஒரு பள்ளம்.
டிக்.
"இருக்கேன், இருக்கேன்" என்றேன்,
பக்கத்து ஆட்டோக்காரர்
திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.