பன்னிரண்டாம் கமரா

முப்பத்தொரு இரவு அந்தக் கமரா
எனக்குத் தந்தவை:
நாய். கபரகொய்யா. நாய்.
காற்றில் எழுந்து நின்ற ஒரு கடைப் பை.
முதுகு காட்டிக் குந்தியிருந்த மனுசன்
(அழித்துவிட்டேன்).
மறுபடி நாய்.

கொலன்னாவைச் சதுப்பில்
எண்ணெய்த் தாங்கிகளின் வெளிச்சம் எட்டாத மூலை.
முழங்கால்வரை சேறு, அதற்கு மேல் அட்டை.
மாதம் இருமுறை பற்றரி மாற்ற இறங்குவேன்.
ஆறு வருடமாக இதே காற்சட்டை.

முப்பத்திரண்டாம் இரவு, இரண்டு பதினேழுக்கு,
கொடுப்புலி.
குட்டைக் கால். நனைந்து ஒட்டிய வயிறு.
சிவப்புப் பட்டியலில் மட்டும் நான் சந்தித்திருந்த மிருகம்
என்னைப் பாராமல் போகிறது
வாயில் ஒரு விராலோடு.
விராலின் செவுளில்
செருகிய அரளிப்பூ.

மீன் தானாகப் பூச் சூடாது.

பூவைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன்.
நாற்பத்திரண்டு வீடு, ஒரு குழாய்.
மின்கம்பிக் கோபுரத்தின் காலடியில் முனியாண்டி;
மீசைக்கு மட்டும் புதுப் பெயின்ட்.
ஐந்தாம் குறுக்குத் தெருவில்
கருவாடு நிறுக்கிற சிவமலர்தான் பூசை வைப்பவள்.
"ஆடி கடைசி வெள்ளி ஒரு முழு மீன்.
வெட்டாதது.
கரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடப்போம்.
பார்க்கக் கூடாது."

யார் எடுப்பது?

"பார்க்கக் கூடாது என்றேனே."

அந்தக் கரைக்கு அப்பால் தூண்டில் இல்லை,
கண்ணி இல்லை,
குப்பைகூட இந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.
இரண்டு வாத்தைப் பறிகொடுத்த சோமசிறி
விஷம் வாங்கி வந்தார் ஒருமுறை.
அவர் மொழியில் அதற்குச் சந்தனச் சிறுத்தை என்று பெயர்.
சூலத்தடியில் நின்று
முனியின் நெற்றிச் சந்தனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம்.
விஷத்தை எலிக்கு வைத்தாராம்.

வேலி போட்டவர் எவருமில்லை.
எல்லோரும் முதுகைத் திருப்பியதில்
மிச்சமிருந்தது அந்தச் சதுப்பு.

நான் பார்த்துவிட்டேன்.

ஐப்பசியில் விசாரணை வைத்தார்கள்.
சதுப்பை நிரப்பி வாகனத் தரிப்பிடம்;
நாரஹேன்பிட்டி அலுவலகம், ஏழாம் மாடி.
என்னிடம் இருந்த சாட்சி
அந்த ஒரு படம்.
சிவமலரைக் கடைக்குப் போய்க் கேட்டேன்.
தராசில் நெத்தலி ஏறிக்கொண்டிருந்தது.
முள் நிற்கும்வரை பேசவில்லை.
"மெஷினுக்கு நேர்த்தி கிடையாது. அது பார்க்கலாம்.
பெரியவர்களுக்குக் காட்டு.
எங்களுக்குக் காட்டாதே."

திரையில் படம் விழுந்தது.
தோட்டத்திலிருந்து வந்திருந்த பதினேழு பேரும்
நாற்காலியோடு
சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள்.
சோமசிறியும்.
அறுபத்தெட்டு நாற்காலிக் கால்கள்
மாபிளில் கீறிய சத்தம்
இன்னும் பல்லில் இருக்கிறது.
எதிர்ப்பு என்று நினைத்தார் பொறியியலாளர்.
கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது:
'பிரதேசவாசிகள் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர்.'
நான் திருத்தவில்லை.

முடிவு தள்ளிப்போனது.
தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.
மண் லொறி இரண்டு
பாதை முனையில் நிற்கின்றன, சக்கரத்தில் கொடி படர.

இந்த ஆடியில்
கடைசி வெள்ளி, வெயில் சாய்கிற நேரம்
சேற்றில் இறங்கிப்
பன்னிரண்டாம் கமராவை அணைத்தேன்.
அட்டவணையில் அந்த இரவுக்கு நேரே
'பற்றரி பழுது' என்று எழுதினேன்.
ஆறு வருடத் தரவில்
என் முதல் பொய்.

தோட்டத்துப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது.
திரும்பி நடந்தேன்.
பின்னால் தண்ணீரில் ஏதோ மெல்ல இறங்கியது.
மழை என்று வைத்துக்கொண்டேன்.