கவலைப் பாத்தியம்

அவிநாசி ரோட்டு ஓட்டலில் ஒன்பதாம் மாடி.
கட்டில் நிறைய
பூந்துறையான் பம்ப்ஸின் பத்திரங்கள், வில்லங்கச் சான்றுகள்.
தேசத்தின் பட்டியலில் முதல் அடுக்கு எங்கள் நிறுவனம்;
எதிர்த் தரப்பு வைத்திருப்பதும் முதல் அடுக்குதான்.
என் ஆறு நிமிஷம்
வைண்டிங் செக்‌ஷனில் ஒரு பெண்ணின் இரண்டு நாள் சம்பளம்.
கணக்குப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

மும்பையில் எல்லோரும்
மெஷினில் மொழிபெயர்த்துப் படிக்கிறார்கள்.
சந்தேகம் வந்தால் எனக்குப் போன்.
சொந்த ஊர் சென்னிமலை என்பதால்
நானும் ஓர் இணைப்பு.

இரவு பதினொன்றே கால். தஸ்தூர் சாரின் அஞ்சல்:
“அறுபத்தொன்றாம் வருஷக் கிரயத்தில்
பொங்கியண்ணன் என்பவர்
கவலைப்படும் உரிமையைத்
தன்வசம் வைத்துக்கொண்டிருக்கிறார்.
இது வாரிசுகளுக்குப் போகுமா?
விலைக்கு வாங்க முடியுமா?”

தேடி எடுத்தேன்.
க.ச. 214, புஞ்சை ஏக்கர் 3.12,
‘இதிலுள்ள கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும்
மாமூல் கவலை ஏற்றமும் வண்டித்தடப் பாத்தியமும்
எனக்கே உண்டு.’

பதில் எழுதினேன்:
கவலை என்பது இரண்டு எருது, ஒரு பறி, வடக்கயிறு,
முன்னால் இறங்கிப் பின்னால் ஏறும் ஒரு சரிவு.
இன்னொன்றும் இதே எழுத்துதான்.
அதைப் பத்திரம் சொல்லவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கிணறு இருக்கிறது,
டெஸ்டிங் ஷெட்டுக்குள், இரும்புத் தகட்டுக்கு அடியில்.
புது பம்புகள் அதிலிருந்து இறைத்து
அதற்குள்ளேயே கொட்டுகின்றன,
மூன்று ஷிஃப்டும்.

ஒப்பந்தம் அறுபத்து நாலு பக்கம்.
விற்பவரின் பொறுப்புக்குப்
பதினெட்டு மாதம்தான் ஆயுள்.
அதற்கப்புறம் எது முளைத்தாலும்
கேட்க ஆளில்லை என்பதை
நல்ல மொழியில் நானே டைப் செய்தேன்.

பேரன் ராக்கியப்பனுக்கு நீலம்பூரில் பேக்கரி.
தேங்காய் பன் தட்டை நகர்த்தி
விடுதலைப் பத்திரத்தை விரித்தேன்.
நின்றபடியே முழுதும் படித்தார்.
கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில்
ஜி.எஸ்.டி. நோட்டீஸ், மகளின் காலேஜ் ஃபீஸ் ரசீது,
மைதாக்காரருடைய பாக்கிச் சீட்டு.

“கையெழுத்துப் போட்டா
கவலை பூராவும் உங்க கம்பெனிக்குப் போயிருமுங்களா?”

“பத்திரத்துல இருக்கறது மட்டும்.”

“அதுதானே பார்த்தேன்” என்றார்.

மூவாயிரம் ரூபாய்ப் பேனா, என்னுடையது.
எழுதவில்லை.
பில் போடுகிற பேனாவை எடுத்துக்கொண்டார்.